உறைக்குள் மரக்கட்டை

ஜப்பானிய வாள் என்றால் என் வயது இலக்கிய நண்பர்களுக்கு ஒரு தனிக் கிறக்கம். குரோசாவா படங்களில் தொடங்கியவர்கள், அனிமே பார்த்து வளர்ந்தவர்கள், ஜென் கதைகள் வாசித்தவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு பழைய குட்டை வாளின் படத்தைப் பார்த்ததும் "என்ன ஒரு தியானம் இந்த வேலைப்பாட்டில்!" என்று உருகுகிறார்கள். அந்த அழகை நான் மறுக்கவில்லை. அதைப் பார்க்கும் விதத்தோடுதான் எனக்குச் சண்டை. கோலா கங்சாரில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழன் அந்த வாளைப் பார்ப்பதும், பாரிஸில் ஏலம் எடுக்கிற ஒரு சேகரிப்பாளர் அதைப் பார்ப்பதும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் எங்கேயோ கோளாறு இருக்கிறது.

முதலில் பொருளை ஒழுங்காகப் பார்ப்போம். பழிக்கிறவனும் பார்த்துவிட்டுத்தான் பழிக்க வேண்டும்.

குட்டை வாளுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் வாக்கிசாஷி. அலகின் நீளம் ஒரு ஷாகுவுக்கு மேல், இரண்டு ஷாகுவுக்குள். அதாவது ஏறக்குறைய 30 செ.மீ. முதல் 60 செ.மீ. வரை. எடோ காலத்தில் (1603–1868) சாமுராய் இடுப்பில் செருகிய ஜோடியில் சின்னது இது. அடுத்தவர் வீட்டுக்குள் போகும்போது நீள வாளைக் கழற்றிவிட வேண்டும். சின்னது கூடவே இருக்கலாம். நீள வாள் கட்ட உரிமையில்லாத வியாபாரிகளும் இதைக் கட்டிக்கொள்ள முடிந்தது. அதனால் காசுள்ள வணிகன் தன் செல்வத்தை இதன் அணிகளில் கொண்டுபோய்க் கொட்டினான்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். அலகைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அலகின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறார்கள். மண் மெல்லிசாக இருக்கிற வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து மார்டென்சைட்டாக இறுகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கும். இரண்டும் சந்திக்கிற எல்லைதான் அலகில் மேகம் போலத் தெரியும் அந்த அலைக்கோடு. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கண்ணால் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்தார்கள். மரியாதை செய்ய வேண்டிய வேலை, சந்தேகமே இல்லை.

அடுத்து அணிகள். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் தட்டு த்சுபா. பிடியின் இரு முனைகளில் வளையமும் மூடியும் புச்சி, கஷிரா. பிடியைச் சுற்றிய நாடாவுக்கு அடியில் இரு பக்கமும் ஒளிந்திருக்கும் குட்டி உருவங்கள் மெனுகி. உறையின் பக்கவாட்டில் செருகிய சின்னக் கத்தியின் பிடி கொசுகா. செம்பில் சில விழுக்காடு தங்கம் சேர்த்து, ரசாயன நீரில் கொதிக்கவிட்டால் காக்கைச் சிறகின் நீலக் கறுப்பு வரும். அந்த உலோகம் ஷாகுடோ. அதன்மேல் தங்கத்தில் நண்டு, தும்பி, நெற்கதிர். 15ஆம் நூற்றாண்டின் கோட்டோ யூஜோவில் தொடங்கி ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆட்சியாளர்களுக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறது. பிடியைப் போர்த்திய திருக்கைமீன் தோல், மான் தோலோடு சேர்ந்து, சயாமிலிருந்து கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போனது. சயாம் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

இதில் என்னை அதிகம் பாதித்தது வேறு ஒரு விஷயம். கொல்லன் தன் பெயரை வெட்டுகிற இடம் பிடிக்குள் மறைந்திருக்கும் தண்டு. ஒரே ஒரு மூங்கில் ஆணியைத் தட்டினால் பிடி கழன்று வரும். உள்ளே துருப்பிடித்த இரும்பில் அவன் பெயர், சில சமயம் ஊரும் வருஷமும். நூற்றாண்டுகள் கழித்தும் யார் செய்தது என்று கேட்டால் பதில் சொல்லும் பொருள் அது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

சேகரிப்பாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அலகை அலங்காரமில்லாத வெற்று மர உறையில் தனியாக வைப்பார்கள். அழகான அணிகளைக் கோத்து இன்னோர் இடத்தில் வைப்பார்கள். அலகு இல்லாமல் அணிகள் நிற்காது. அதனால் உள்ளே மரத்தில் செய்த ஒரு போலி அலகைச் செருகுவார்கள். அதற்குப் பெயர் த்சுனாகி. வெளியே பார்த்தால் முழு வாள். உருவினால் கையில் வருவது மரக்கட்டை. அலகும் கெடக்கூடாது, உறையும் கெடக்கூடாது என்பதற்காகச் செய்கிற நியாயமான ஏற்பாடு இது. ஆனால் நம் இலக்கிய ரசனையும் அதே ஏற்பாட்டைச் செய்துவைத்திருக்கிறது. நெற்கதிரையும் தும்பியையும் எழுதுகிறோம். உள்ளே இருந்த எஃகு யார் இடுப்பில் தொங்கியது, அவன் என்ன உத்தரவு போட்டான் என்பதைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுகிறோம்.

இப்படி வாளைப் பிரித்ததற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் கட்டுவதைத் தடை செய்தது. அணி செய்த கைவினைஞர்களின் பிழைப்பு போனது. பழைய அணிகள் வாளிலிருந்து கழன்று, தனித்தனித் துண்டுகளாக ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கும் பணக்காரர்களின் அலமாரிகளுக்கும் போயின. 1945இல் ஜப்பான் தோற்றதும் அமெரிக்கர்கள் வாள்களைப் பறிமுதல் செய்து அழிக்கத் தொடங்கினார்கள். ஹொம்மா ஜுன்ஜி போன்ற வாள் அறிஞர்கள் போய் வாதாடினார்கள். கலை மதிப்புள்ளவற்றை விட்டுவிடுங்கள் என்றார்கள். அதில் பிழைத்ததுதான் இன்று நாம் பார்க்கிற மிச்சம். 1948இல் கலை வாள்களைப் பாதுகாக்க ஒரு சங்கமும் அமைந்தது. அவர்கள் செய்தது சரி. எரியும் வீட்டிலிருந்து கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் "இது கலைப்பொருள், ஆயுதமில்லை" என்பது தோற்ற பிறகு வாளைக் காப்பாற்ற எடுத்துவைத்த வாதம். வாளால் வெட்டுப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதை அப்படியே வாங்கித் தங்கள் ரசனைக் கொள்கையாக வைத்துக்கொள்ள என்ன அவசியம்?

குறிப்பிட்ட ஒரு குட்டை வாளைச் சொல்கிறேன். 1945 நவம்பர் 30ஆம் தேதி சைகோனில், ஃபீல்டு மார்ஷல் தெராவுச்சி ஹிசாய்ச்சி தன் வாள்களை மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தார். அதில் ஒன்று பழைமையான வாக்கிசாஷி. அது இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. தெராவுச்சி யார்? 1941 முதல் தென்திசைப் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதி. மலாயாவைப் பிடித்த யமாஷிதா அவருக்குக் கீழே. 1941 டிசம்பர் கடைசியில் பேராக் ஆற்றைக் கடந்து கோலா கங்சார் வழியாக ஈப்போவுக்கும் கம்பாருக்கும் இறங்கிய படை அவருடைய படை. சயாம்–பர்மா ரயில் பாதை போட்டதும் அவருடைய தலைமையகத்தின் கீழேதான்.

அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். பேராக் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். அது எடுபடாமல் போனதும் பிடித்தே ஏற்றினார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் செதுக்கியிருக்கும். நம் ஆட்களுக்கு அந்த வரிசையில் ஒரு கல் கிடையாது. பெயர்ப் பட்டியலே முழுசாக இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஆளுக்கொரு கணக்கு.

தெராவுச்சி விசாரணைக் கூண்டில் ஏறவே இல்லை. பக்கவாதம் தாக்கிய கிழவராக ஜொகூரின் ரெங்கம் பக்கம் காவலில் இருந்து 1946 ஜூன் 12இல் செத்துப்போனார். நம் மண்ணில்தான் செத்தார். வாள் மட்டும் தளபதியின் கையிலிருந்து மன்னரின் கோட்டைக்கு மரியாதையாகப் போனது. யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்தத் தேதி என்று அதன் வரலாறு சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் ரயில் பாதையோரம் புதைந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் பதிவுக்கு வெளியே நிற்கிறார்கள். திருக்கைத் தோல் சயாமிலிருந்து எந்தக் கப்பலில் போனது என்று வரலாற்றாசிரியர்கள் தேடிப்பிடித்துவிட்டார்கள். சயாமுக்கு எந்த ரயிலில் என் பாட்டியின் அண்ணன் போனார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "கலையையும் அரசியலையும் போட்டுக் குழப்பாதப்பா. யுத்தத்துக்கு முன்னூறு வருஷம் முன்னாடி செஞ்ச வாளு என்ன பாவம் செஞ்சது?" பாவம் வாளுடையது என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் வாளின் மதிப்பே அது கடந்துவந்த கைகளைச் சொல்வதில்தானே இருக்கிறது? எந்தப் பிரபு கட்டியிருந்தான் என்பதற்கு விலை ஏறும். அந்தக் கை வரிசையில் கடைசிக் கையைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்றால் அது ரசனை ஆகாது, வசதி.

ஜப்பானியக் கலைஞர்களே இந்த வசதியை ஏற்கவில்லை. கோபயாஷி மசாகியின் 'ஹரகிரி' 1962இல் வந்த படம். வறுமையில் தன் வாள் அலகுகளை விற்றுவிட்டு உறைக்குள் மூங்கிலைச் செருகிக்கொண்டு அலைகிறான் ஓர் இளைஞன். வீரமரபு பேசும் பெரிய வீடு, அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ள அவனைக் கட்டாயப்படுத்துகிறது. உறையின் கௌரவத்துக்கு உள்ளே இருந்த பொய்யைக் கோபயாஷி அப்படி உருவிக் காட்டினார். அவர் பேரரசின் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பதவி உயர்வை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். என் நண்பர்கள் பலர் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒளிப்பதிவைப் பற்றி நன்றாகவே பேசுவார்கள். மூங்கிலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் டீ ஆர்டர் பண்ணுவார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. "ஜப்பான்காரன் வாளைப் பற்றி எழுதுவதே துரோகம்" என்று சொல்கிறவர்கள். இவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பார்க்க மறுப்பதால் செத்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் திரும்பக் கிடைக்காது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். அந்த நாவல்களை வாசிக்காமல் வெறும் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதும் உள்ளே மரக்கட்டை வைத்த உறைதான்.

மூன்றாவது கூட்டம் எங்கள் ஊருக்கே உரியது. கோலா கங்சார் அரச நகரம். பேராக் சுல்தானின் அரசுரிமைச் சின்னங்களில் ஒரு வாள் உண்டு. பெயர் சூரா சி மஞ்சாகினி. சங் சபுர்பா என்ற ஆதி மன்னனின் வாள் அது என்பதும், அதை வைத்துத்தான் மினாங்கபாவில் சக்திமுனா என்ற பெரும் பாம்பை வெட்டினார்கள் என்பதும், வெட்டியதில் அலகில் 190 பற்கள் விழுந்தன என்பதும் மலாய்க் கதை. அந்தச் 'சூரா' சமஸ்கிருதச் 'சுரிகா'விலிருந்து வந்தது என்பது அறிஞர்கள் சொல்வது. தமிழிலும் உடைவாளுக்குச் சுரிகை என்று பெயர் இருக்கிறது. இது ஒரு நல்ல, அடக்கமான சொல்லாராய்ச்சித் தகவல். இது நம் ஆட்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் தெரியுமா? "பார்த்தியா, சுல்தான் வாளே தமிழன் வாள்! ராஜா சூரன் சோழன்டா!" என்று கிளம்பிவிடுவார்கள். மலாய்க் காவியத்தில் வரும் ராஜா சூரனுக்கு வாரிசாக ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மங்கு கழுவிய கிழவிக்கு வாரிசாக ஒருத்தரும் முன்வருவதில்லை.

அதே கோலா கங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து ஹியூ லோவின் ரெசிடென்சித் தோட்டத்தில் நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது. மலேசியாவின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று. நாம் இந்த நாட்டின் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாக வந்ததற்குக் காரணமான பயிர். மரத்துக்கு வேலி உண்டு, பலகை உண்டு. அந்தச் சாதி மரங்களைச் சீவிய உளியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

அதுவும் ஒரு குட்டை வாள்தான். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவியவர். அவருடைய உளியை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முனை மடங்கி 'வி' வடிவில் நிற்கும். அந்த மடிப்பில்தான் எல்லா சூட்சுமமும் இருக்கிறது. பால் குழாய்கள் பட்டைக்குள் நேராகப் போகாமல் சாய்ந்து சுற்றிக்கொண்டு போகின்றன. அதனால் இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் கோடு இழுத்தால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு தடவைக்குச் சீவ வேண்டியது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. ஆழம் கூடினால் உள்ளே இருக்கிற வளர்படலத்தில் காயம் படும். மரம் முண்டு முண்டாக வீங்கும், கிராணி கத்துவான். ஆழம் குறைந்தால் பால் வராது. நடுவில் விட வேண்டிய பட்டை ஒரு மில்லிமீட்டர். இதை விடியுமுன்னே, பட்டைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும் நேரத்தில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு 500 மரம் வாக்கில் செய்ய வேண்டும். ஒரு தொழிற்சாலையில் இந்த அளவுத் துல்லியம் வேண்டும் என்றால் நான் இயந்திரத்துக்குக் கொட்டேஷன் கேட்பேன். என் பாட்டி தீட்டுக்கல்லும் மணிக்கட்டும் வைத்துச் செய்தார்.

இப்போது சொல்லுங்கள். த்சுபா தெரியும், மெனுகி தெரியும், கொசுகா தெரியும். அந்த உளியின் மடிப்புக்குப் பாட்டி என்ன பெயர் சொல்லுவார்? தீட்டும்போது முதலில் எந்தப் பக்கம்? மொன்னையானது கையில் எப்படித் தெரியும்? நம் தோட்டக் கதைகளில் பெரட்டு வரும், லயம் வரும், காண்டா வாளி வரும், ஒட்டுப்பால் நாற்றம் வரும். உளி வந்தால் பெரும்பாலும் கொலைக்கு வரும், அல்லது குறியீடாக வரும். வேலை செய்கிற கருவியாக வருவது அபூர்வம்.

"கலைப்பொருளையும் வேலைக் கருவியையும் ஒப்பிடலாமா?" என்று கேட்பார்கள். கொசுகா என்பதே ஒரு வேலைக் கத்தியின் பிடி. அதைக் கலைப்பொருள் ஆக்கியது தங்கம் மட்டுமில்லை. நூற்றாண்டுகளாக அதைப் பார்த்து, அளந்து, பெயர் சொல்லி, செய்தவனைத் தேடி எழுதிய ஆட்களும்தான். ஜப்பானியரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அந்த விடாப்பிடியைக் கற்றுக்கொள்ளலாம். மூங்கில் ஆணியைத் தட்டி, பிடியைக் கழற்றி, உள்ளே யார் பெயர் என்று பார்க்கிற பழக்கம் அது. ஒரு ரயில் பாதைக்கும் அதைச் செய்யலாம், ஓர் உளிக்கும் செய்யலாம்.

அருங்காட்சியகம் கட்டித் தரச் சொல்லி யாரிடமாவது மனுக் கொடுப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. அது நடக்கும்போது நடக்கட்டும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, துண்டு துண்டாக விலைபோய்விட்டன. உளி பிடித்த கைகளுக்கு இன்று எழுபது, எண்பது வயது. சயாமிலிருந்து திரும்பியவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறையும் அதே வயதுதான். இந்த இதழை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒருத்தர் இருப்பார். அடுத்த வாக்கிசாஷிக் கட்டுரைக்கு உட்காருவதற்கு முன்னால் அவரிடம் போய் உட்காருங்கள். சீவும்போது கட்டைவிரல் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தோட்டத்தில் என்ன பெயர் சொன்னார்கள், குடும்பத்தில் யாரெல்லாம் சயாமுக்குப் போனார்கள், பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த மாசம் என்று கேட்டு எழுதுங்கள். சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

அதை எழுதி முடித்த பிறகு த்சுபாவின் தங்கத் தும்பியைப் பற்றியும் எழுதலாம். அப்போது வாள் உறைக்குள்ளேயே இருக்கும்.